ஒரு செல்லோவும் ஒற்றை ஹார்னும்: மும்பை நாட்குறிப்பு

வியாழன்

நாகர்கோவில் – மும்பை எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்கு மேல் முதுகு வலிக்க உட்கார்ந்து வந்தது, அரை மணி நேர வாசிப்பு ஒன்றைக் கேட்பதற்காக. சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதலாவது செல்லோ கான்செர்ட்டோ, அதாவது ஒரு செல்லோ தனித்து நிற்க ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கிற படைப்பு. பாளையங்கோட்டையில் ஆலயப் பாடகர் குழுவில் பேஸ் குரல் பாடுகிறவன் நான். மற்றவர்கள் மேலே பறக்கும்போது அடியில் நின்று பாடுகிற குரல் அது. வயலின் குடும்பத்தில் கனத்த குரல்காரரான செல்லோ எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இந்தக் கான்செர்ட்டோவைப் பல வருடங்களாக ஹெட்போனில் கேட்டு வருகிறேன், நேரில் கேட்டதில்லை. இந்தியாவில் முழுநேரத் தொழில்முறை சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது 2006-இல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. ஆகவே நாம்தான் போக வேண்டும்.

வாசிக்க வரும் வெளிநாட்டுக் கலைஞரின் பெயரை இந்தக் குறிப்புகளில் எழுதப்போவதில்லை. அவரைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கேட்க வருகிறவர்கள் மேல்தான் கண். நம்மூர்க் கச்சேரியில் தலையாட்டலும் ‘பலே’யும் தொடையில் தாளமும் இல்லாமல் ஒரு ரசிகரைப் பார்க்க முடியாது. அதெல்லாம் தடைசெய்யப்பட்ட அரங்கில் இப்படிப்பட்ட முரட்டு வாசிப்பை ஜனங்கள் எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள் என்று பார்க்க ஆசை.

கர்ஜத்தில் வடாபாவ். தாதரில் இறங்கி டாக்சி பிடித்துத் தாராவி. பெரியப்பா மகன், எனக்கு மூத்தவர், இங்கே வந்து நாற்பது வருடம் ஆகப்போகிறது. பகலில் தோல் பை தைக்கும் பட்டறை. கல்யாண சீசனில் ராத்திரி பேண்டு. பராத் என்கிற மாப்பிள்ளை ஊர்வலத்தில் முன்வரிசை ட்ரம்பெட் அண்ணன்தான்.

“ஏலே, பாட்டு கேக்கவா இம்புட்டு தூரம் வந்த?” என்றார்.

“சாமிப் பாட்டா?” என்று மைனி சமையலறையிலிருந்து கேட்டார்கள்.

இல்லை என்றதும் அவர்கள் ஆர்வம் போய்விட்டது. மீன்குழம்பு பிரமாதம். தூங்கப் போகிறேன்.

வெள்ளி

விடிவதற்கு முன்பே தொண்ணூறு அடிச் சாலையில் இட்லிக்காரர்கள் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நகரம் முழுக்கப் போகிற இட்லி. மல்லிகைப்பூக் கடை, முறுக்குக் கடை, தமிழ்ப் பெயர்ப்பலகை. எதிரே ஒருவர் வந்து இந்தியில் வழி கேட்டால்தான் திருநெல்வேலி இல்லை என்பது உறைக்கிறது.

அண்ணனுக்கும் ஒரு டிக்கெட் எடுத்திருந்தேன். முன்னேற்பாடாகக் கொஞ்சம் கேட்க வைக்கலாம் என்று பட்டறையில் உட்கார்ந்து போனில் போட்டேன். 1959 நவம்பரில் ரஷ்யச் செல்லோக்காரர் ரோஸ்ட்ரோபோவிச் பிலடெல்பியா ஆர்கெஸ்ட்ராவோடு பதிவுசெய்தது, நடத்தியவர் ஆர்மண்டி. நாலு தையல் மெஷின் ஓடுகிற இடத்தில் அது கேட்குமா என்ன? ஆனாலும் முதல் பாகத்தை ஒரு பையன் காது கொடுத்துக் கேட்டான். “பேய்ப் படமாண்ணே?” என்றான். இன்னொருவன், “இல்லலே, போலீஸ்காரன் துரத்துத படம்,” என்றான். இரண்டாமவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

மெஷின் சத்தத்துக்கு மேல் அண்ணனுக்குக் கதை சொன்னேன். 1948-இல் சோவியத் கட்சி ஒரு தீர்மானம் போட்டு ஷோஸ்டகோவிச், புரோகோஃபியெவ், கச்சதுரியான் என்று பெரிய தலைகளை எல்லாம் வரிசையாகக் கண்டித்தது. மக்களுக்குப் புரியாத இசையாம். ஷோஸ்டகோவிச்சுக்கு வாத்தியார் வேலையும் போனது. அவரிடம் படித்த செல்லோக்காரர்தான் ரோஸ்ட்ரோபோவிச். தனக்கென்று ஒரு கான்செர்ட்டோ எழுதித் தரமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தவரிடம், ஷோஸ்டகோவிச்சின் மனைவி நீனா ஒரு யோசனை சொன்னாராம்: அவர் எழுத வேண்டுமானால் அவரிடம் கேட்கவே கேட்காதே, அந்தப் பேச்சையே எடுக்காதே என்று. கேட்கவில்லை. வருடங்கள் ஓடின. நீனாவும் இறந்துபோனார், ஸ்டாலினும் போய்ச் சேர்ந்தார். 1959 கோடையில் கான்செர்ட்டோ வந்தது. நான்கே நாளில் மனப்பாடம் செய்து, ஷோஸ்டகோவிச் முன்னாலேயே வாசித்துக் காட்டினார் ரோஸ்ட்ரோபோவிச். அக்டோபர் 4 அன்று லெனின்கிராடில் அரங்கேற்றம், நடத்தியவர் ம்ராவின்ஸ்கி.

அண்ணன் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: “ட்ரம்பெட் எத்தன?”

ட்ரம்பெட் கிடையாது, ட்ராம்போன் கிடையாது. பித்தளை வாத்தியம் என்று மொத்த ஆர்கெஸ்ட்ராவிலும் ஒரே ஒரு ஹார்ன்.

“ஒத்த ஆளா? பாவம்லா,” என்றார். அதற்குப் பிறகுதான் வர ஒத்துக்கொண்டார் என்று எனக்குச் சந்தேகம்.

சனி

பேண்டு கோட்டைப் போட்டுக்கொண்டு வருவேன் என்று நின்றார். தோளில் தங்கச் சரிகை, சிவப்புக் காலர். மைனி விடவில்லை. வெள்ளைச் சட்டையில் கிளம்பினோம். தாராவியில் ஏறி விதான் பவனில் இறங்கினால் ஆயிற்று, புது மெட்ரோ முழுக்கத் தரைக்கு அடியில் போகிறது. அங்கிருந்து நரிமன் பாயின்டுக்கு நடை.

தேசிய நிகழ்கலை மையத்தை இங்கே எல்லோரும் என்சிபிஏ என்றுதான் சொல்கிறார்கள். ஜே.ஆர்.டி. டாட்டாவும் ஜம்ஷெட் பாபாவும் 1969-இல் தொடங்கியது. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் நிற்கிறது. பெரிய அரங்குக்கு ஜம்ஷெட் பாபா பெயர், 1999-இல் திறந்தார்கள், 1109 இருக்கைகள். முகப்புக் கூடத்துப் பளிங்குப் படியில் பட்டுப் புடவையில் பார்சி மூதாட்டிகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அண்ணன் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டே இருந்ததில் முதல் மணி அடித்துவிட்டது. எங்கள் சீட் மாடியில், மலிவான வரிசை. எழுதுகிறவனுக்கு அதுதான் நல்லது, அத்தனை தலைகளும் கீழே தெரியும்.

முதலில் கிளிங்காவின் ‘ருஸ்லானும் லுட்மிலாவும்’ முன்னிசை, ஐந்து நிமிடம். சரி, அது இருக்கட்டும்.

செல்லோக்காரர் வந்தார், உட்கார்ந்தார், கூர்முனையை மேடையில் குத்தி நிறுத்தினார். இந்தக் கான்செர்ட்டோவில் முன்னோட்டம் என்று எதுவும் கிடையாது. ஆர்கெஸ்ட்ரா மெத்தை விரித்துப் போடும், தனி வாத்தியம் அதில் வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். முதல் சத்தமே செல்லோ, நாலு ஸ்வரம். அதற்குள் கீழே யாரோ இருமலை அடக்க முயன்று தோற்றார்.

அந்த நாலு ஸ்வரத்தை அவர் விடவே மாட்டேன் என்கிறார். திருப்புகிறார், மேலே தூக்குகிறார், இரண்டு தந்தியில் சேர்த்து அறைகிறார். மரக்குழல்கள் கிண்டல் செய்வதுபோல் பதில் சொல்கின்றன. முதல் பாகத்தில் செல்லோவுக்கு ஓய்வு என்பது கிட்டத்தட்ட இல்லை. ஹெட்போனில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது: இது உடம்பால் செய்கிற வேலை. வில்லிலிருந்து குதிரைமுடி பிய்ந்து தொங்கியது. கிடைத்த அரை நொடியில் அதைப் பிடுங்கி எறிந்தார். முன்வரிசையில் ஒரு சின்னப் பையன் சத்தமாகச் சிரித்தான். அவன் அம்மா வாயைப் பொத்தினார். எனக்கு அவன் சிரிப்பு சரியென்றே பட்டது. அந்த இசையில் ஒரு விஷமம் இருக்கிறது, அவனுக்கு அது எட்டியிருக்கிறது.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. என் தொடையில் தட்டினார்.

“அந்தா, தண்ணி கொட்டுதான் பாரு.”

ஹார்ன்காரர் குழாயைக் கழற்றி, மூச்சுக்காற்றில் சேர்ந்த ஈரத்தைத் தரையில் உதறிக்கொண்டிருந்தார். “நம்மாளுதான்,” என்றார் அண்ணன், ஊர்க்காரரைப் பார்த்துவிட்ட மகிழ்ச்சியில். பக்கத்து சீட்டிலிருந்து ஒரு பெரியவர் திரும்பினார். “ஷ்ஷ். பேசப்படாது,” என்றார், சுத்தத் தமிழில். இருட்டில் மூன்று தமிழர்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம்.

முதல் பாகம் வெட்டியதுபோல் சட்டென்று முடிந்தது. கைதட்டல் வெடித்தது, முக்கியமாக எங்கள் மாடியிலிருந்து. கீழே முன்வரிசைகளில் ஒரு கைகூட அசையவில்லை. சில தலைகள் மட்டும் மாடியை நோக்கித் திரும்பின. பாகங்களுக்கு நடுவே தட்டக் கூடாது என்பது சட்டம். பெரியவர் தட்டவில்லை. அண்ணன் பலமாகத் தட்டினார். கண்டக்டர் முதுகைத் திருப்பாமல் காத்திருந்தார், செல்லோக்காரர் லேசாகத் தலை வணங்கிச் சிரித்தார்.

நான் மாடிக் கட்சி. இந்தச் சட்டம் ஒன்றும் ஆதிகாலத்தது அல்ல. 1813-இல் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, இரண்டாம் பாகத்தைத் திரும்ப வாசிக்க வைத்துக் கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் அடுத்ததற்கு விட்டார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்காருவது பிற்பாடு வந்த வழக்கம். இப்படி ஓர் ஆறு நிமிட ஓட்டத்தை முடித்தவருக்கு இருமலை மட்டும் பரிசாகக் கொடுப்பது என்ன நியாயம்?

நல்லவேளை, இந்தக் கான்செர்ட்டோவில் தகராறு ஒரு தடவைதான் வரும். இரண்டாம் பாகத்திலிருந்து கடைசி வரை இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது. இரண்டாம் பாகத்தைத் தந்திகள் மெல்லத் தொடங்கின, ஹார்ன் தனியாக ஒரு வரி ஊதியது. அண்ணன் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்த வரி முடியும்வரை அவர் மூச்சு விடவில்லை என்று சத்தியம் செய்வேன். அப்புறம் செல்லோவின் நீண்ட பாட்டு. கீழே தலைகள் ஒன்றிரண்டு தோளில் சாய்ந்தன. ஒரு பார்சி அம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினார். தூக்கமா கேட்பதா என்று மேலிருந்து சொல்ல முடியாது. பாகத்தின் முடிவில் செல்லோ தந்தியை ஒரு விரலால் லேசாகத் தொட்டு வாசிக்கிறது. புல்லாங்குழல் போன்ற குரல் எங்கோ உயரத்தில் வருகிறது, சின்னப் பியானோ போன்ற செலஸ்டா மணிமணியாக அதற்குப் பதில் சொல்கிறது. அந்த நேரம் பார்த்து ஒருவர் தொண்டை மிட்டாயின் காகிதத்தைப் பிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வரக் கூடாதென்று மெல்ல மெல்லப் பிரித்தார். அதனால் அது முடியவே இல்லை. அரங்கில் பாதிப் பேர் அவரைக் கொல்லத் தயாராக இருந்தார்கள்.

மூன்றாம் பாகம் முழுக்கக் கடென்சா. ஆர்கெஸ்ட்ரா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, செல்லோ மட்டும். நம் சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் பாதிக் கூட்டம் போண்டா சாப்பிட எழுந்து போய்விடும், மிருதங்கக்காரர் பாவம் காலி நாற்காலிகளுக்கு வாசிப்பார். இங்கே கதவுகள் மூடிக் கிடக்கின்றன, எழுந்து போக வழியில்லை. அதனால்தானோ என்னவோ, ஆறு நிமிடம் போல 1109 இருக்கைகளும் ஒரே ஆளைப் பார்த்தன. மெல்ல யோசிப்பதுபோல் தொடங்கியது, விரலால் சுண்டும் ஸ்வரக்கட்டுகள் நடுநடுவே விழுந்தன, பிறகு வேகம் ஏறியது. ஏற ஏற, கீழே உடம்புகள் நிமிர்வதைப் பார்த்தேன். சாய்ந்திருந்தவர்கள் முதுகை எடுத்தார்கள். பக்கத்துப் பெரியவரின் ஆள்காட்டி விரல் முழங்காலில் கணக்குப் போட்டது. அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண், பதினைந்து பதினாறு வயதிருக்கும், தன் இடதுகை விரல்களைக் காற்றில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பாகம் ஐந்து நிமிடச் சூறாவளி. முதல் பாகத்தின் நாலு ஸ்வரம் திரும்பி வந்தபோது அதைத் தூக்கி வந்தது ஹார்ன். டிம்பனி முரசு அடித்து முடித்தது.

முன்வரிசைகள் எழுந்து ‘ப்ராவோ’ என்றன. அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். கல்யாண மண்டபத்து விசில், கூரை அதிர்ந்தது. ஐம்பது அறுபது பேர் அண்ணாந்து பார்த்தார்கள். செல்லோக்காரரும் பார்த்தார், பார்த்து வில்லை உயர்த்திக் காட்டினார். கண்டக்டர் ஹார்ன்காரரைத் தனியே எழுப்பி நிறுத்தியபோது இரண்டாவது விசில் போனது. அது இன்னும் நீளம்.

கூடுதலாக பாஹின் ஐந்தாவது செல்லோ தொகுப்பிலிருந்து சரபாந்த் என்கிற மெதுவான நடனப் பகுதியை வாசித்தார். ஒற்றைக் கோடாகப் போகிற இசை, ஒரு ஸ்வரக்கூட்டுகூடக் கிடையாது. அது முடிந்ததும் மாடிக்கும் தட்டத் தோன்றவில்லை. யார் முதலில் தட்டுவது என்று சிறிது நேரம் ஆயிற்று.

இடைவேளையில் பெரியவர் எழுந்து அண்ணனிடம், “நீங்க வாத்தியக்காரரா?” என்றார். ட்ரம்பெட் என்றதும் முகம் மாறியது. “அதான் விசில்ல அத்தனை ஸ்ருதி சுத்தம்,” என்றார். மாட்டுங்காக்காரர், ஓய்வுபெற்ற வயலின் வாத்தியார். கூட வந்தது பேத்தி, செல்லோ கற்கிறாள். நாளைக்குக் காபிக்கு வரச் சொன்னார். சாய்கோவ்ஸ்கி சிம்பொனி இரண்டாம் பாதியில். நல்ல வாசிப்பு. எனக்கு அதில் மனம் நிற்கவில்லை.

திரும்பும் மெட்ரோவில் அண்ணனுக்கு ஒரு ரகசியத்தைச் சொன்னேன். ‘சுலிகோ’ என்று ஒரு ஜார்ஜியப் பாட்டு, ஸ்டாலினுக்கு ரொம்பப் பிடித்தது. அதன் ஒரு துணுக்கைக் கோணலாக்கிக் கடைசிப் பாகத்தில் ஒளித்து வைத்திருக்கிறார் ஷோஸ்டகோவிச். ரோஸ்ட்ரோபோவிச்சுக்கே தெரியவில்லை, எழுதியவர் சுட்டிக்காட்டிய பிறகுதான் பிடிபட்டதாம்.

அண்ணன் வெகுநேரம் சிரித்தார். “நாங்களும் செய்வோம்லா,” என்றார். காசு கொடுக்காமல் இழுத்தடிக்கிற வீட்டு பராத்தில், வேகப்பாட்டுக்கு நடுவில் ஊர் ஒப்பாரி மெட்டை ஒரு வரி நுழைத்துவிடுவார்களாம். மெட்டை வேகமாக ஊதினால் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் கையைத் தூக்கி ஆடுவார்கள். பேண்டுக்காரர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஸ்டாலின் கதையை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை.

ஞாயிறு

மாட்டுங்கா. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பூக்கட்டுகிறவர்கள், வாழையிலைக் கட்டு, வறுபடும் காபிக்கொட்டை வாசனை. பெரியவர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. சண்முகானந்தா அரங்கம் 1963-இல் திறந்த காலத்திலிருந்து அங்கே கச்சேரி கேட்கிறவர். 1990-இல் அது தீப்பிடித்ததைச் சொல்லும்போது சொந்த வீடு எரிந்ததுபோல் சொன்னார்.

நேற்றைய வாசிப்பைப் பற்றிக் கேட்டேன். தயக்கமில்லாமல் சொன்னார்: “அசுர சாதகம். நமஸ்காரம் பண்ணணும். ஆனா எனக்கு உக்கார எடமே இல்லை சார். ஷட்ஜம் எங்கே? ஆதாரமா ஒரு ஸ்ருதி கேக்காம அரை மணி நேரம் நான் எதைப் பிடிச்சுண்டு நிப்பேன்?”

நான் விடவில்லை. உட்கார இடம் தரக் கூடாது என்பதுதான் அந்த இசையின் நோக்கம், ராத்திரி போலீஸ் வந்து கதவைத் தட்டுமோ என்று இருந்த ஊரில் எழுதியது என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பயத்தைக்கூட ஒரு ராகத்தில் நிறுத்திப் பாடலாம் என்பது அவர் கட்சி. ஆனால் அந்த நாலு ஸ்வரத்தை மட்டும் மெச்சினார். “நாலை வச்சுண்டு நாப்பது கணக்குப் பண்ணிட்டான்.”

அப்புறம் பேச்சு முத்துஸ்வாமி தீட்சிதரிடம் போனது. மணலி சின்னையா முதலியார் ஆதரவில் இருந்தபோது சென்னைக் கோட்டைக்குப் போய் வெள்ளைக்கார பேண்டு கேட்டார்கள் தீட்சிதர் சகோதரர்கள். அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதியதுதான் நோட்டுஸ்வரங்கள். தம்பி பாலுஸ்வாமி வயலின் கற்று, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். “அவா முதல் தடவை கேட்டப்போ மூஞ்சி எப்படி இருந்திருக்கும்!” என்றார் பெரியவர்.

“எல்லாம் பேண்டு மேளந்தான்,” என்றார் அண்ணன், இரண்டாவது காபியை ஆற்றிக்கொண்டே.

பேத்தி அதுவரை பேசவில்லை. என்ன கேட்டாய் என்றதற்கு, “கேக்கல அங்கிள், கட்டை விரலையே பார்த்துட்டு இருந்தேன்,” என்றாள். உயரமான ஸ்வரங்களுக்கு இடதுகைக் கட்டை விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டும். செலஸ்டாவோடு பேசுகிற அந்தக் குழல் குரலுக்கும் அதே கட்டை விரல்தான் கீழே அழுத்துகிறது, மேலே இன்னொரு விரல் தொட்டும் தொடாமலும். கொஞ்சம் நகர்ந்தால் கீச்சென்று கத்தும். தன் விரலின் பக்கவாட்டில் காய்த்துப்போன இடத்தைக் காட்டினாள். அண்ணன் உடனே தன் மேலுதட்டின் தழும்பைக் காட்டினார். இரண்டு பேரும் காய்ப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்க, நானும் பெரியவரும் வெறும் ரசிகர்களாக உட்கார்ந்திருந்தோம்.

மழைக்காலத்தில் முறுக்காணி ஊறி இறுகிக்கொண்டு ஸ்ருதி சேர்க்கவே விடாது என்று மும்பையைத் திட்டினாள். ‘இதை நீயும் ஒரு நாள் வாசிப்பாய்’ என்று பெரியவர்கள் சொல்கிற வசனத்தை நான் ஆரம்பிப்பதற்குள், “சான்ஸே இல்ல,” என்று முடித்துவிட்டாள்.

திங்கள்

அண்ணனுக்கு செம்பூரில் பராத். எனக்கு நாளைக்குத்தான் ரயில், கூடவே போனேன். சரிகைக் கோட்டு, குதிரைமேல் மாப்பிள்ளை, ஜெனரேட்டர் வண்டி, தலையில் விளக்கு சுமக்கும் பெண்கள். சினிமாப் பாட்டுகள் வரிசையாகப் போயின. சிக்னலில் ஊர்வலம் நின்றது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில் ட்ரம்பெட் அந்த நாலு ஸ்வரத்தை ஊதியது. சந்தேகமே இல்லை, அதேதான். இன்னொரு தடவை, கொஞ்சம் உயரத்தில். டோல் அடிக்கிற பையன் ஒரு கணம் முழித்தான், பிறகு அதற்கு ஒரு தாளம் கண்டுபிடித்துவிட்டான். அது நன்றாகவே பொருந்தியது. ஊதிப் பெருத்த மாமா ஒருவர் தலைப்பாகையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு நடுவே குதித்தார், பின்னாலேயே நாலைந்து பேர். சிக்னல் பச்சையாகியும் ஊர்வலம் நகரவில்லை, பின்னால் பெஸ்ட் பஸ் ஹாரன் அடித்தது. மாமா நூறு ரூபாய் நோட்டை அண்ணன் தலையைச் சுற்றி எடுத்து அவர் கோட்டுப் பையில் செருகினார்.

“எந்தப் படம்ணே?” என்று டோல் பையன் கத்தினான்.

“ரஷ்யப் படம்லே,” என்றார் அண்ணன். அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள்.